வரி வெளிச்சமும் வாணி விழாப் பொட்டும்

நுணுக்குக்காட்டிக்கு வரிவரியா வெளிச்சம் போடுறதுதான் என்ர உத்தியோகம். சுவிச்சைத் தட்டுற வேலை எண்டு சனம் நினைச்சால் பரவாயில்லை. எங்கட துறைத் தலைவரும் அப்பிடித்தான் நினைக்கிறார். ஆய்வுகூடங்களிலை மாரடிக்கிற சகபாடியளே, உங்களுக்கு விளங்கப்படுத்தத் தேவையில்லை. மற்ற ஆக்களுக்காகச் சொல்லுறன். இந்த மெசின் பார்க்கிற பொருளிலை கோடு கோடா வெளிச்சம் விழுத்தும். அந்தக் கோட்டை மூண்டு தரம் நகர்த்தும். ஒவ்வொரு தரமும் கமரா சரியா அந்த நேரம் படம் எடுக்கவேணும். மூண்டையும் கம்பியூட்டர் சேர்த்தால் மங்கல் போய்ப் படம் பளிச்செண்டு வரும். ஒரே உரலிலை ரெண்டு பேர் மாறி மாறி இடிக்கிற மாதிரித்தான். ஒராள் நேரம் தப்பினால் எல்லாம் நாசம்.

திறப்பு விழா

மெசின் வந்து இறங்கின கிழமையே திறப்பு விழா. வெளிச்சப் பெட்டியையும் கமராவையும் சேர்க்கிற வயர் ஒண்டு இருக்கு. "இப்ப எடு" எண்டு கமராவுக்குச் சொல்லுறதே அதுதான். ரிபன் வெட்டுற படத்துக்கு வடிவில்லை எண்டு தலைவர் அதைக் கழட்டி மேசைக்குக் கீழை போட்டிட்டார். விருந்தாளியளுக்குக் காட்டின படம் முழுக்கக் கறுப்புக் கோடு. வவுனியாவிலை இருந்து வந்த ஒரு பெரியவர் நல்ல டிசைன் எண்டு தலையாட்டினார். எனக்கு மானம் போச்சு. தலைவருக்கு ஒரு வெக்கமும் இல்லை.

"வெளிச்சம் வருகுதுதானே பிள்ளை, பிறகென்ன வயர்?"

அவசரம்

கண்டாவளையிலை இருந்து பரந்தனிலை பஸ் மாறி வாற பிள்ளை துஷ்யந்தி. உவர்த் தண்ணியிலை நெல்லு வேர் என்ன பாடுபடுது எண்டதுதான் அவளின்ர முதுமாணி ஆய்வு. தகப்பன்ர வயலே உவர் ஏறிப் பாழாப்போனது. ஐப்பசி முடியமுன்னம் ஆய்வைக் குடுத்தால் விவசாய ஆராய்ச்சியிலை வேலை நிச்சயம். பிந்தினால் அது வேற ஆளுக்கு.

எங்கட கமரா மேலையிருந்து கீழை வரிவரியாத்தான் கண் திறக்கும். முழுக்கத் திறக்கும்வரை வெளிச்சம் காத்திருக்கவேணும். அந்த நேரத்தை நான் அளந்து மெசினிலை போட்டு வைச்சிருந்தன். நான் சாப்பிடப் போன இடைக்குள்ளை தலைவர் வந்து அதைப் பூச்சியமாக்கிப்போட்டுப் போயிட்டார். அண்டைக்குத் துஷ்யந்தி எடுத்த அவ்வளவு படத்திலையும் மேல்பாதி ஒரு கோடு, கீழ்ப்பாதி வேற கோடு. அவள் அழுதுபோட்டாள். நான் போய்ச் சண்டை பிடிச்சன்.

"வன்னி ஆக்கள் எண்டாப்போலை ஆறுதலா, மெதுவாத்தான் படம் எடுக்கவேணுமோ?"

மூலையிலை ஒரு பொட்டு

வாணி விழாவுக்கு ஆய்வுகூடத்துச் சாமானெல்லாத்துக்கும் சந்தனம் குங்குமம் வைக்கிறது எங்கட வழக்கம். நானும் வைக்கிறனான்தான், பெட்டியின்ர மேல்மூடியிலை. தலைவருக்கு அது போதேல்லை. மெசினுக்கு முகம் எது எண்டு தேடி, தன்ர விரலாலையே எங்கையோ அப்பினார். சுண்டல் குடுக்கிற அவதியிலை நான் கவனிக்கேல்லை.

அடுத்த நாளிலை இருந்து ஒவ்வொரு படத்திலையும் வலது மூலையிலை வட்டமா ஒரு கறுப்பு. துஷ்யந்தி பயந்துபோய்த் தலைவருக்குக் காட்டினாள். மனிசன் கதிரையாலை துள்ளி எழும்பிட்டார். வேர் உப்பைச் சேமிக்கிற இடமாம்! உலகத்திலை ஒருத்தரும் காணாததாம்! ஆய்விலை தனி அத்தியாயம் எழுதவேணுமாம், கட்டுரையும் வேணுமாம்.

"கட்டுரையிலை முதல் பேரா என்ர பேரைப் போடும்."

பஞ்சுக்குச்சி

எனக்கு மனம் கேக்கேல்லை. வேர் வைச்ச கண்ணாடித் தட்டைத் திருப்பினன். வேர் திரும்பிச்சு, பொட்டு அசையேல்லை. தட்டையே எடுத்தன். வேர் இல்லை, பொட்டு இருக்கு! வெளிச்சம் வெளியாலை வாற சின்னக் கண்ணாடியைப் பஞ்சுக்குச்சியாலை ஒத்தியெடுத்தன். மஞ்சளும் சிவப்புமா வந்தது, வாசமும் வந்தது.

"அக்கா, இதை எழுதிக் குடுத்திருந்தா என்ர கதி என்ன?" எண்டு துஷ்யந்தி கதிரையிலை இருந்திட்டாள். குச்சியைக் கொண்டுபோய்த் தலைவருக்குக் காட்டினன். மூக்கிலை வைச்சு மணந்து பார்த்தார்.

"கட்டுரையை மாநாட்டுக்கு அனுப்பிப்போட்டன் பிள்ளை, இருந்த இடத்திலையே திரும்பப் பூசிவிடும்."

கையெழுத்து

நான் பூசேல்லை. நானும் துஷ்யந்தியும் நாலு நாள் இருந்து முழுப் படத்தையும் திரும்ப எடுத்தம். எழுதி வைச்சிருந்த பொட்டு அத்தியாயத்தை அவள் கிழிச்செறிஞ்சாள். அந்த அத்தியாயம் இல்லாட்டிக் கையெழுத்தில்லை எண்டு தலைவர் நிண்டுகொண்டார். தவணைக்கு ரெண்டு நாள். பிள்ளை சாப்பிடாமல் திரிஞ்சாள்.

எனக்கு வந்த விசர்க் கோவத்திலை, பஞ்சுக்குச்சியைச் சின்னப் போத்திலிலை போட்டு, மற்றச் சாம்பிளுகளுக்கு ஒட்டுற மாதிரியே லேபிள் ஒட்டினன்: "உப்புச் சேமிப்பிடம். கண்டுபிடிச்சவர்: துறைத் தலைவர்." அண்டைக்கு வெளியிலை இருந்து வாற பரீட்சகர் இருக்கப்போற மேசையிலை அதை வைச்சன். தலைவர் வந்தார், வாசிச்சார், பேனையை எடுத்தார். கையெழுத்து விழுந்ததும் துஷ்யந்தி ஆய்வைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு ஓடினாள். தலைவர் போத்திலை எடுத்துத் தன்ர பொக்கற்றுக்குள்ளை ஒளிச்சார்.

"சந்தனம் எண்டு வெளியாலை கதைக்காதையும் பிள்ளை, சாமி விசயம்."

வெளிச்சத்தையும் கமராவையும் ஒத்துப்போக வைக்க ஒரு வயர் போதும், எங்கட தலைவரை உண்மையோடை ஒத்துப்போக வைக்கத்தான் போத்தில், பஞ்சு, லேபிள் எல்லாம் வேண்டிக்கிடக்கு.