சக மாணவர் போட்ட மதிப்பெண்

பல்கலைக்கழகத்தில் பொறியியல் மாணவர்களுக்குப் புள்ளியியல் கற்பிக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன்பு விரிவுரையை அடியோடு நிறுத்தினேன். மாணவர்கள் வீட்டிலேயே காணொளியைப் பார்த்துவிட்டு வருவார்கள். வகுப்பில் ஐந்தைந்து பேராக உட்கார்ந்து கணக்குப் போடுவார்கள்; குழுவாக இணையத்தில் ஓர் அறிக்கையும் எழுதுவார்கள். பருவ முடிவில் ஒவ்வொருவரும் தன் குழுவில் மற்றவர்களுக்கு இணையத்தில் மதிப்பெண் இட வேண்டும். யார் இட்டது என்பது தெரியாது. அதை வைத்துக் கணினி குழுவின் மதிப்பெண்ணை ஒருவருக்குக் கூட்டும், இன்னொருவருக்குக் குறைக்கும். உழைக்காமல் ஒட்டிக்கொள்கிறவர்களைப் பிடிக்க நான் யோசித்துச் செய்த ஏற்பாடு அது. அதற்காக எனக்கு விருது கொடுத்தார்கள்.

விருது அறிவிப்பு வந்த பருவத்தில்தான் அவர் என் வகுப்பில் இருந்தார். நாற்பத்திரண்டு வயது தமிழ்ப் பெண். ஜூரோங்கில் ஒரு தொழிற்சாலையில் பதினாறு வருடம் தரப் பரிசோதனை செய்துவிட்டு, வேலையை விட்டுப் படிக்க வந்தவர். அவருடைய குழுவில் மற்ற நால்வருக்கும் இருபது வயதுதான். அவரை ‘ஆன்ட்டி’ என்பார்கள். வகுப்பில் அதிகம் பேசமாட்டார். ஒரு நாள் மட்டும், சராசரியிலிருந்து விலகலைக் கணக்கிடும்போது ஏன் எண்ணிக்கையில் ஒன்றைக் கழித்துவிட்டு வகுக்கிறோம் என்பது விளங்கியதும் சிரித்துவிட்டார்.

“பதினாறு வருஷமா கால்குலேட்டர்ல அந்த பட்டன அமுக்கியிருக்கேன் புரொஃப். ஏன்னு இப்பத்தான் தெரியுது.”

பருவ முடிவில் வகுப்பிலேயே மிகக் குறைந்த சக மதிப்பெண் அவருக்கு. நால்வரும் ஏறக்குறைய ஒன்றையே எழுதியிருந்தார்கள்: நல்லவர், ஆனால் என்ன செய்கிறார் என்று தெரியவில்லை.

மறுநாள் என் அறைக்கு வந்தார். எதிர் மேசையில் இன்னொரு விரிவுரையாளர் இருந்தார். அந்தப் பெண் ஆங்கிலத்தில் தொடங்கி, பாதியில் தமிழுக்கு வந்தார்.

“நான் வேலை செஞ்சேன் புரொஃப். மீட்டிங்குக்குத்தான் வர முடியல. ஹஸ்பண்டுக்கு டயாலிசிஸ், வாரத்துல மூணு நாள் சாயங்காலம் கூட இருக்கணும். அவங்க மீட்டிங் போடுறதும் அப்பத்தான்.”

தமிழில் பேசினால் வேண்டியவருக்குச் சலுகை காட்டுவதுபோல் ஆகிவிடுமோ என்று நான் ஆங்கிலத்திலேயே பதில் சொன்னேன். இந்த முறைக்கு ஆள் யாரென்று தெரியாது, அதுதான் அதன் நியாயம் என்றேன். கணவரைப் பற்றிக் குழுவினரிடம் சொன்னீர்களா என்று கேட்டேன்.

“எதுக்குச் சொல்லணும்? பாவம்னு மார்க் போட்டா அது எனக்கு வேணாம்.”

வந்த கருத்துகளைப் பாடமாக எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். “ஓகே புரொஃப், தேங்க் யூ” என்று சொல்லிப் போய்விட்டார். தகராறு இல்லாமல் முடிந்ததே என்று எனக்கு நிம்மதியாக இருந்தது.

சக மதிப்பெண் குறைத்ததில் அந்தப் பாடத்தில் தோற்றதால் அவருக்குக் கிடைத்துவந்த உதவித்தொகை நின்றது. அடுத்த பருவத்தின் மாணவர் பட்டியலில் அவர் பெயருக்கு எதிரே, விலகிவிட்டார் என்று இருந்தது. வருத்தப்பட்டேன். ஆனால் விசாரிக்கவில்லை.

பிறகு மற்றத் துறைகளுக்கு என் முறையைப் பயிற்றுவிக்கச் சொன்னார்கள். குழு எப்படிச் சேர்ந்து எழுதுகிறது என்று காட்ட நல்ல அறிக்கை ஒன்று வேண்டியிருந்தது. வகுப்பிலேயே சிறந்தது அவருடைய குழுவின் அறிக்கைதான். யார் எப்போது எதை எழுதினார்கள் என்ற பதிவைத் திறந்தேன். அட்டவணைகள், கணக்குகள், திருத்தங்கள், மூன்று முறை வரைந்த வரைபடம் எல்லாவற்றிலும் ஒரே பெயர். எல்லாம் விடியற்காலையில், மற்றவர்கள் எழுவதற்கு முன்பு. முகப்புப் பக்கத்தையும் எழுத்துருவையும் மாற்றிய நால்வரும், மீதியைத் தங்களில் வேறொருவர் செய்கிறார் என்று நினைத்திருக்கிறார்கள்.

அவர் என் முன்னால் நின்றபோதே அதைத் திறந்து பார்த்திருக்கலாம். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது.

திருத்தம் செய்யக் காலக்கெடு முடிந்திருந்தது. பல கடிதங்கள் எழுதி, தவறு என்னுடையது என்று ஒப்புக்கொண்ட பிறகு மதிப்பெண்ணை மாற்றினார்கள். அவரைத் தொலைபேசியில் அழைத்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை தேக்கா உணவங்காடியில் சந்திக்க ஒப்புக்கொண்டார்.

காய்கறிப் பையோடு வந்தார். பழைய தொழிற்சாலைக்கே திரும்பிவிட்டதாகச் சொன்னார். “முன்ன எனக்குக் கீழ இருந்த பொண்ணுதான் இப்ப எனக்கு சூப்பர்வைசர். நல்ல பிள்ளை.”

மதிப்பெண்ணை மாற்றிய கடிதத்தைக் கொடுத்தேன். அவர் அதை இரண்டு முறை படித்தார்.

“ஏ கிரேடா?”

“ஆமாம். நீங்க திரும்பி வந்து படிக்கலாம். நான் பேசி ஏற்பாடு பண்றேன்.”

“மறுபடி முதல்லேர்ந்து ஆரம்பிக்கத் தெம்பு இல்ல புரொஃப்.” கடிதத்தை மடித்தார். “அந்தப் பிள்ளைங்கள ஒண்ணும் சொல்லாதீங்க. அவங்களுக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்னுதான் நெனச்சேன். நான் தமிழ்ல கேட்டேன், நீங்க இங்கிலீஷ்ல சொன்னீங்க. அப்பவே புரிஞ்சிடுச்சு.”

“மன்னிச்சிடுங்க” என்றேன்.

அவர் என் கோப்பையைப் பார்த்து, “டீ ஆறுது, குடிங்க” என்றார். கணவருக்குச் சமைக்க வேண்டும் என்று எழுந்தார். பிறகு நாங்கள் சந்திக்கவில்லை.

என் வகுப்பில் சக மதிப்பெண்ணை நீக்கிவிட்டேன். ஆனால் என்னிடமிருந்து அதைக் கற்றுக்கொண்ட மற்றத் துறைகள் நீக்கவில்லை. அந்தப் பெண்ணுக்கு நடந்ததை ஒரு கூட்டத்தில் சொன்னேன். எங்கோ ஒருவருக்கு நடந்ததற்காக நல்ல முறையைக் கைவிட முடியுமா என்று கனிவாகத்தான் கேட்டார்கள். போன பருவத்தில் வேறு துறை ஆசிரியர் ஒருவர் என் பயிற்சிப் பக்கங்களைக் கேட்டார். அந்தப் பெண்ணைப் பற்றி, பெயரில்லாமல், ஒரு பக்கம் சேர்த்து அனுப்பினேன். பயிற்சி முடிந்ததும் அந்த ஆசிரியர் வந்து நன்றி சொன்னார். நேரம் போதாததால் அந்த ஒரு பக்கத்தை மட்டும் எடுத்துவிட்டேன் என்றார்.

பரவாயில்லை என்றேன். புக்கிட் பாஞ்சாங் போகும் ரயிலில் ஏறிய பிறகுதான் அழுகை வந்தது. எதிரில் இருந்த பெண் டிஷ்யூ ஒன்றை நீட்டிவிட்டு, என்னைப் பார்க்காமல் திரும்பிக்கொண்டார்.