தலையணை மேல் உட்கார்ந்து டிரக் ஓட்டிய காலை

நாய்க்குட்டி குரைப்பது மாதிரி ஒரு சத்தம்... அதைக் கேட்டுத்தான் அன்று காலை விழித்தேன். எங்கள் வீட்டில் நாய் கிடையாது. சத்தம் வந்தது என் மகள் யாழினியின் தொண்டையிலிருந்து.

அப்போது அவளுக்கு மூன்று வயது. பிரிட்ஜ்வாட்டர் என்ற ஊரில் ஒரு டவுன்ஹவுஸில் இருந்தோம். ராத்திரி முழுக்கப் பனி கொட்டியிருந்தது, இன்னும் நிற்கவில்லை. கணவர் செந்தில் ஆபீஸ் வேலையாக டாலஸ் போயிருந்தார். திரும்பி வர வேண்டிய ஃப்ளைட் கேன்சல்.

ஒவ்வொரு இருமலுக்கும் அப்புறம் மூச்சை உள்ளே இழுக்கும்போது ஒரு கீச்சுச் சத்தம். தொண்டைக்குழி உள்ளே போய்ப் போய் வந்தது. டாக்டர் ஆபீஸுக்கு போன் செய்தேன். நர்ஸ், போனை அவள் வாய்ப்பக்கம் பிடிக்கச் சொல்லிக் கேட்டார். உதடு நீலமாக இருக்கிறதா என்றார். இல்லை என்றேன். அப்படி ஆனால் உடனே நைன் ஒன் ஒன் கூப்பிடுங்கள், இப்போது தாமதிக்காமல் எமர்ஜென்சிக்குக் கூட்டிப் போங்கள் என்றார்.

என் சின்னக் கார் பனியில் பாதி புதைந்து கிடந்தது. பக்கத்தில் செந்திலின் டிரக். பின்னால் சாமான் ஏற்றத் திறந்த தொட்டி, நான்கு சக்கரமும் இழுக்கும் ஃபோர் வீல் டிரைவ், பழைய வண்டி. அதை வாங்கி வந்தபோது, "நாம என்ன இங்க விவசாயமா பண்றோம்?" என்று கேட்டுவிட்டு, இரண்டு நாள் அவரோடு சரியாகப் பேசவில்லை. நான் அதை ஓட்டியதே இல்லை.

பக்கத்து வீட்டு சாந்தி அக்காவைக் கூப்பிட்டேன். ஈரோட்டுக்காரர். அவருக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஆனாலும் நைட்டிக்கு மேல் வீட்டுக்காரரின் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு, முழங்கால் பனியில் நடந்து வந்துவிட்டார்.

என் காரிலிருந்து குழந்தையின் கார் சீட்டைக் கழற்றி டிரக்கின் பின்சீட்டில் வைத்தோம். பெல்ட் இறுகவே இல்லை. அக்கா அதன் மேல் முட்டி போட்டு அழுத்த, மரத்துப்போன விரல்களால் நான் இழுத்தேன்.

யாழினியை அதில் உட்காரவைத்து, அக்கா பக்கத்தில் ஏறிக்கொண்டார். முன்னால் ஏறி உட்கார்ந்தால் எனக்கு ரோடே தெரியவில்லை. வண்டியின் முன்பக்க ஹூடுதான் தெரிந்தது. உள்ளே ஓடி ஒரு தலையணையை எடுத்து வந்து போட்டுக்கொண்டேன்.

செந்திலுக்கு போன் போட்டு, ஃபோர் வீலுக்கு எந்த நாபைத் திருப்ப வேண்டும் என்று கேட்டேன்.

"ஸ்டியரிங் பக்கத்துல இருக்கு பாரு... ஃபோர் ஹைல வை. பிரேக்க அழுத்தி மட்டும் மிதிச்சிடாத. ஃபோர் வீல் வண்டியக் கெளப்பும்... நிறுத்தாது."

அதற்கு மேல் பேசினால் என் கவனம் சிதறும் என்று அவரே வைத்துவிட்டார்.

டிரக் ஒரு உறுமல் உறுமியது. அப்படியே பனியை மிதித்துக்கொண்டு டிரைவ்வேயை விட்டு வெளியே வந்தது. நம்ப முடியவில்லை.

ரோட்டில் கோடு எதுவும் கிடையாது. இரண்டு பக்கமும் இருந்த மெயில்பாக்ஸ்களை வைத்துத்தான் ரோடு எது என்று கண்டுபிடித்தேன். பதினைந்து மைல் வேகம். மூன்று பேர் மூச்சில் கண்ணாடியெல்லாம் மங்கிப் போனது. எந்த பட்டனை அழுத்துவது என்று தெரியாமல் முன்பக்க ஜன்னல் இரண்டையும் இறக்கிவிட்டேன்.

"கண்ணு, புள்ளைக்கு ஊதக்காத்து அடிக்குது..."

"ரோடு தெரியலக்கா."

அக்கா தன் ஜாக்கெட்டைக் கழற்றி அவள் மேல் போர்த்தினார்.

சிக்னலுக்கு முன்னால் ஒரு இறக்கம். சிவப்பு விழுந்தது. பயத்தில் பிரேக்கை மிதித்துவிட்டேன். காலுக்குக் கீழே பெடல் கடகடவென்று ஆடியது. வண்டி நிற்காமல் பக்கவாட்டில் வழுக்கியது. செந்தில் சொன்னது அப்போதுதான் உறைத்தது. காலை எடுத்தேன். ஸ்டியரிங்கை மெதுவாகத் திருப்பினேன். டயர் எங்கேயோ பிடித்தது. சிக்னலுக்குக் கீழே, நாற்சந்தியின் நடுவில் போய் நின்றோம். நல்லவேளை... வேறு ஒரு வண்டிகூட இல்லை.

அந்த அமைதியில்தான் கவனித்தேன். பின்னால் இருமல் சத்தமே இல்லை.

திரும்பிப் பார்க்கக் கழுத்து வரவில்லை.

"அக்கா... மூச்சு இருக்கா பாருங்க."

அக்கா பதில் சொல்வதற்குள் கரகரத்த குரலில் யாழினியே சொன்னாள்.

"அம்மா, இட்ஸ் ஸ்னோயிங் இன் த கார்."

ஜன்னல் வழியாக வந்த பனி அவள் மடியில் விழுந்துகொண்டிருந்தது. அதை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ஸ்டியரிங் மேல் தலையை வைத்துக்கொண்டேன். எவ்வளவு நேரமோ தெரியாது. அக்காதான் தோளைத் தட்டி, சிக்னல் பச்சையாகிவிட்டது என்றார்.

எமர்ஜென்சியில் பார்த்த டாக்டர், தொண்டையில் வீக்கம், குளிர்ந்த காற்று பட்டால் சில சமயம் குறையும், வழியிலேயே கொஞ்சம் அடங்கியிருக்கிறது என்றார். குடிக்க ஒரு மருந்து கொடுத்தார்கள். மூன்று மணி நேரம் வைத்துப் பார்த்துவிட்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

திரும்பும்போது ரோட்டில் பனியைத் தள்ளி உப்புப் போட்டிருந்தார்கள். அந்த இறக்கம் வந்தபோது அக்கா மெதுவாகச் சொன்னார்.

"காலைல இங்க வந்தப்ப நான் கண்ண இறுக்கி மூடிட்டனுங் கண்ணு."

இரண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தோம்.

செந்திலுக்கு போன் செய்து குழந்தை தூங்குகிறாள் என்றேன்.  வண்டி எப்படி இருந்தது என்று கேட்டார். நல்ல வண்டி என்றேன். நான் கேட்ட மன்னிப்பு அவ்வளவுதான். அவருக்கும் புரிந்தது.

இப்போது அந்த டிரக் இல்லை. சாந்தி அக்கா டெக்சஸில், பனியே இல்லாத ஊரில் இருக்கிறார். பனி வரப்போகிறது என்றால் முந்தின நாளே ஸ்கூலிலிருந்து மெயில், ஆபீஸிலிருந்து மெயில்... எந்த ரோடு திறந்திருக்கிறது என்று போனே சொல்லிவிடுகிறது. எல்லாரும் வீட்டிலேயே லேப்டாப்போடு உட்கார்ந்துவிடுகிறோம். பக்கத்து வீட்டில் யார் இருக்கிறார்கள் என்றுகூட எனக்குச் சரியாகத் தெரியாது.

யாழினிக்குப் பதினாறு வயது. போன வாரம்தான் டிரைவிங் பர்மிட் வாங்கினாள். அந்தக் காலை அவளுக்கு எதுவுமே நினைவில்லை. தமிழ் பேசினால் புரிந்துகொள்வாள், படிக்க வராது. சாயங்காலம் ஸ்கூல் விட்டு வந்ததும், இதை நான்தான் அவளுக்கு வாசித்துக் காட்ட வேண்டும்.