கயிற்றுக் கோடு

என் தங்கை சென்ற பங்குனியில் இறந்தாள். அவளுடைய அக்குள் கட்டைகள் இரண்டும் இன்னும் அவள் அறைக் கதவுக்குப் பின்னால் நிற்கின்றன. அவற்றின் அடியில் மாட்டிய ரப்பர் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தேயவில்லை. ஏன் தேயவில்லை என்பதை எழுதிவைக்க வேண்டியவன் நான் ஒருவன்தான்.

எண்பதுகளின் தொடக்கத்தில் நாங்கள் இருவரும் அரியலூரில் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். நான் அரசுக் கட்டடங்களைப் பராமரிக்கும் பிரிவில் இளநிலைப் பொறியாளன். என் அலுவலகம் பெரம்பலூரில். அவள் அரியலூரிலேயே ஓர் அரசு அலுவலகத்தில் தட்டச்சர். மூன்று வயதில் வந்த இளம்பிள்ளை வாதம் அவளுடைய இடது காலின் பலத்தை எடுத்துவிட்டிருந்தது. மீதமிருந்த வலது காலும் கட்டைகளும் அவளை எங்கும் கொண்டுசேர்த்தன, அலுவலக வாசலிலிருந்த ஏழு படிகளைத் தவிர.

அந்தப் படிகளுக்குக் கைப்பிடி இல்லை. எட்டரை மணிக்கே அவளைச் சைக்கிளில் உட்காரவைத்துத் தள்ளிக்கொண்டு போவேன். மற்றவர்கள் வருவதற்குள் அவள் ஏறிவிட வேண்டும். கட்டைகளை மேலே போட்டுவிட்டு, படிகளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, கைகளை ஊன்றி, ஒவ்வொரு படியாகத் தன்னைத் தூக்கிக்கொள்வாள்.

"அண்ணே, திரும்பிக்க" என்பாள்.

நான் தெருவைப் பார்த்து நிற்பேன். இரும்புச் சட்டம் பொருத்திய அவளது காலணி கல்லில் மோதும் ஓசையை எண்ணுவேன். ஏழு வந்ததும் பெரம்பலூர் பஸ்ஸைப் பிடிக்கப் போவேன்.

ஊனமுற்றோர் ஏறிவர அரசு அலுவலகங்களில் பாதை அமைக்கலாம் என்று அந்நாளில் ஒரு சுற்றறிக்கை வந்தது. அமைக்கலாம் என்றுதான் இருந்தது. நான் அதைப் பற்றிக்கொண்டு ஒரு வாரத்தில் தங்கையின் அலுவலகத்துக்கு வரைபடம் தயாரித்தேன். ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம். நடுவில் ஒரு திருப்பம். அதில் நின்று இளைப்பாற ஓரிடம். அதைவிடக் கவனமாக நான் எதையும் வரைந்ததில்லை. என் மேலதிகாரி வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இந்தப் பக்கத்துலயே நாமதான் மொதல்ல போடறோம், என்ன?" என்று மகிழ்ந்து கையெழுத்திட்டார். கோப்பில் நான் அதைச் 'சாய்தளம்' என்று எழுதினேன். அலுவலகத்தில் இருந்தவர்கள் முதல் நாளிலிருந்தே அதைச் 'சறுக்கு' என்றார்கள். அந்தச் சொல்லை நான் திருத்தியிருக்கலாம்.

கொத்தனார் விக்கிரமங்கலத்துக்காரர். சிவப்புப் பூச்சில் அவர் கை வைத்தால் தரை கண்ணாடியாகும் என்று பெயர் வாங்கியவர். மேற்பூச்சு முடிந்த அன்று முற்பகல், தேங்காய்நார்க் கயிறு ஒன்றைத் தண்ணீரில் நனைத்து எடுத்து வந்தார். மேலதிகாரியும் நானும் சாய்தளத்தின் அருகே நின்றிருந்தோம். எங்களுக்குப் பின்னால் தங்கையின் மேசையருகே இருந்த ஜன்னல். தட்டச்சு ஓசை கேட்டுக்கொண்டிருந்தது.

"சார், ஈரம் இழுக்கறதுக்குள்ள கயித்தப் போட்டு அழுத்தி எடுத்துரட்டுங்களா? சாணுக்கு ஒரு கோடு. மாட்டுக் கொட்டாயில போடுவமே, அதாங்க. மூத்திரம் பேஞ்சாலும் மாடு வழுக்கி வுழாது."

மேலதிகாரி சிரிக்கத் தொடங்கிவிட்டார். "யோவ், இது ஆபீசா மாட்டுக் கொட்டாயா? கோடு போட்டு வச்சின்னா கலெக்டர் வந்து சாணி எங்கய்யான்னு கேப்பாரு!"

சுற்றி நின்ற அனைவரும் சிரித்தார்கள். கொத்தனார் சிரிக்கவில்லை. கயிற்றிலிருந்து நீர் சொட்ட, என்னைப் பார்த்தார்.

"நீங்க சொல்லுங்க சார்."

ஈரமான வழவழப்பில் ரப்பர் எப்படி நடந்துகொள்ளும் என்பதைக் கல்லூரியில் படித்தவன், அங்கிருந்தவர்களில் நான் ஒருவனே. மேலதிகாரி என் தோளில் கை வைத்திருந்தார். நானும் சிரித்தேன். சற்று உரக்கவே சிரித்தேன். "பளபளன்னே விட்டுடுங்க" என்றேன். உள்ளே தட்டச்சு ஓசை நின்றிருந்தது; பிறகு மறுபடி தொடங்கியது.

திறப்பு நாளுக்கு முந்தைய மாலை, பணியாளர்கள் தேங்காயெண்ணெய் தொட்டு அதைத் தேய்த்தார்கள். சிமெண்ட் ஆலைத் தூசி படிந்த அந்த ஊரில் அவ்வளவு பளபளப்பான பொருள் வேறெதுவும் இருந்ததாக நினைவில்லை. மறுநாள் தங்கையைத்தான் முதலில் ஏறச் சொன்னார்கள். ஏறினாள். கைதட்டினார்கள். திருப்பத்தில் நின்று குனிந்து பார்த்தாள்.

"அண்ணே, இதுல என் மொகம் தெரியுது" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "மழ பேஞ்சா?"

"வெயில் வந்தா காஞ்சிடும்."

அவள் கட்டைகளை எடுத்துவைத்து மீதியையும் ஏறினாள்.

ஆவணியும் புரட்டாசியும் வறண்டே கழிந்தன. அவள் ஒன்பதே முக்காலுக்கு, எல்லோரும் வரும் நேரத்தில், எல்லோருடனும் பேசிக்கொண்டு மேலே போனாள். நான் அடுத்த பஸ்ஸில் தாமதமாகவே பெரம்பலூர் போனேன்; திரும்பி நிற்க வேண்டியிருக்கவில்லை. ஆயினும் ஒவ்வொரு காலையும் முதலில் வானத்தைத்தான் பார்த்தேன். பூச்சை உளியால் கொத்திவிட இருமுறை அனுமதி கேட்டேன்.

"அழகா இருக்கறதக் கொத்திக் கெடுக்கச் சொல்றீரே. திருச்சிலேருந்து பெரியவர் இன்ஸ்பெக்‌ஷன் வந்துட்டுப் போகட்டும்" என்றார் மேலதிகாரி. எழுத்தில் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

ஐப்பசியில் மழை பிடித்தது. வாச்மேன் தானாகவே சணல் சாக்குகளைக் கொண்டுவந்து சாய்தளம் நெடுக விரித்தார். "சறுக்கு மேல சாக்கு போட்டுட்டேன், வாங்க டைப்பிஸ்டம்மா. மகாராணி மாதிரி நடந்து வாங்க" என்பார். "மகாராணிக்கு வெங்காயச் சாக்குதான் கெடச்சுதா?" என்பாள் அவள். ஒரு மாதம் அந்தச் சாக்குகளே அவளைக் காத்தன.

கார்த்திகையில் அந்தப் பெரியவர் வரும் நாள் வந்தது. விடியும்வரை பெய்து ஓய்ந்திருந்தது. நான் முன்னதாகவே அங்கே இருக்க வேண்டியிருந்ததால், அவளை ரிக்‌ஷாவில் வரச் சொல்லியிருந்தேன். மேலதிகாரி வந்தவுடன், "என்னய்யா இது, சந்தக்கட மாதிரி? சாக்க எடு" என்றார். வாச்மேன் என்னைப் பார்த்தார். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். சாக்குகள் போயின.

ரிக்‌ஷா நின்றபோது படிகளில் அலுவலர்கள் மாலையுடன் வரிசையாக நின்றிருந்தார்கள். நான் சாய்தளத்தின் மேல்முனையில் இருந்தேன். மேலதிகாரி என்னிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். தங்கை சாக்கில்லாத தரையைப் பார்த்தாள். படிகளைப் பார்த்தாள். அத்தனை பேர் நடுவே படியில் உட்கார்ந்து ஏற அவளால் முடியாது. பிறகு என்னைப் பார்த்தாள். நான் கையை உயர்த்தியிருந்தால் போதும், நின்றிருப்பாள். மேலதிகாரியின் பேச்சு முடியட்டும் என்று இருந்தேன்.

திருப்பம்வரை வந்துவிட்டாள். அங்கே ஒரு கட்டை நழுவியது. அவள் பக்கவாட்டில் விழுந்தாள். கட்டை மட்டும் சிவப்புத் தரையில் உருளாமல், நீண்ட நேரம் வழுக்கிக்கொண்டே கீழே போயிற்று.

உடைந்தது வலது கால், இடுப்பெலும்பின் அருகே. திருச்சி மருத்துவமனையில் இரண்டு மாதம் இருந்தாள். இனி ஊன்ற ஒரு கால் இல்லை என்று மருத்துவர் என்னிடம்தான் சொன்னார். அவளிடம் நான் சொல்லவில்லை, அவள் கேட்கவுமில்லை. வேலையிலிருந்து விலகும் கடிதத்தை அவளே சொல்ல, நான் எழுதினேன்.

அதற்குள் மேலதிகாரியே ஆளனுப்பியிருந்தார். கொத்தனார் இரண்டு நாள் உட்கார்ந்து, சாணுக்கு ஒன்றாக உளியால் கோடு வெட்டினார். அடுத்த மழையில் நான் செருப்பைக் கழற்றிவிட்டு, அதில் ஏறி இறங்கிப் பார்த்தேன்.

அவளை வீட்டுக்குக் கூட்டிவந்த அன்று பகலில், கட்டிலில் படுத்தவாறே கேட்டாள்.

"கோடு போட்டாச்சா?"

"போட்டாச்சு."

"புடிக்குதா?"

"பிடிக்குது. மழையில நடந்து பாத்தேன்."

"இப்ப யாரும் சிரிக்கலியா?"

நான் அவள் போர்வையை இழுத்துச் சரிசெய்தேன்.

"அன்னைக்கு ஜன்னல் தொறந்துதாண்ணே கெடந்துச்சு" என்றாள். "அத்தன சிரிப்புலயும் ஒன் சிரிப்பு எனக்குத் தெரியாதா?"

அவள் குரலில் கோபம் இல்லை. இருந்திருக்கக் கூடாதா என்று பிற்பாடு பல ஆண்டுகள் ஏங்கியிருக்கிறேன். கதவருகே சாய்த்துவைத்த கட்டைகளைச் சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். கையை ஊன்றி எழ முயல்பவள்போல முழங்கையை மடக்கினாள்.

"அண்ணே, திரும்பிக்க" என்றாள்.

நான் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றேன். எண்ணுவதற்கு ஓசை எதுவும் வரவில்லை.