குடுமியை முன்கூட்டியே கொடுத்தேன்

முருகன் அடியார்களுக்கு வணக்கம். கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில் பட்டறையில் சுத்தியல் பிடிக்கும் மாரிமுத்து எழுதுகிறேன். போன ஐப்பசியில் ஒரு தேங்காய் மூடியால் என் குடும்பமே நடுத்தெருவுக்கு வரப் பார்த்தது.

அன்று செவ்வாய்க்கிழமை. அர்ச்சனை முடித்து வரும்போது தட்டிலிருந்து தேங்காய் மூடி உருண்டது. எடுக்க ரோட்டோரமாகத்தான் குனிந்தேன். எதிரே வந்த மோட்டார் கார் இடித்துத் தள்ளிவிட்டது. கால் முறிந்தது. தலையிலும் ஒரு வெட்டு. என் மனைவி பாக்கியம் அதில் மஞ்சளை அப்பினாள், மயிர் மூடிக்கொண்டது. கால் உயிரை வாங்கும்போது தலையை யார் நினைத்தார்கள்?

டிரைவர் போலீசில் சொன்னதுதான் கொடுமை. "மோட்டார் தொடவே இல்லீங்க. கள்ளு குடிச்சிட்டு, தேங்கா மூடியத் தொரத்திக்கிட்டுப் போயி தானா விழுந்தாரு."

கள்ளுக்கடைப் பக்கம் போனாலே மூக்கைப் பொத்துகிறவன் நான். ஆனால் பட்டறைத் துரை, குடித்து விழுந்தது நிஜமென்றால் வேலையும் கிடையாது, குவாட்டர்ஸும் கிடையாது என்றுவிட்டார். குழாயடியில் பாக்கியத்தைக் குடிகாரன் பெண்டாட்டி என்றார்கள். அவள் அழுதாள். நானும் அழுதேன். மோட்டார் முதலாளி மேல் நஷ்டஈட்டு வழக்குப் போடுவதென்று தீர்மானித்தேன். "முருகா, வழக்கு ஜெயித்தால் பத்துமலையில் என் குடுமி உனக்கு" என்று வேண்டிக்கொண்டேன். முதுகுவரை தொங்கும் குடுமி. எனக்கு அதில் கர்வம் உண்டு.

அந்த வாரமே யாழ்ப்பாணத்து வக்கீல் ஒருவர், ஏழைகளிடம் பீஸ் கேட்காதவர், வழக்கை எடுத்துக்கொண்டார். விபத்தைப் பார்த்த சீனர் ஒருவரை, தௌஃபூ என்கிற சோயாக்கட்டி விற்பவரை, சாட்சிக்குத் தேடிப் பிடித்தார்.

வழக்குக்கு நாலு நாள் முன்பு தைப்பூசம். ஜெயித்த பிறகு கொடுப்பதென்றால் முருகன் ஒரு வருஷம் காத்திருக்க வேண்டும். தவிர, கை நீட்டி வாங்கிக்கொண்டவன் கைவிட மாட்டான் அல்லவா? மொட்டையடித்துக்கொண்டேன்.

கோர்ட்டில் என்னைக் கண்டதும் வக்கீல் தன் தலையில் அடித்துக்கொண்டார். "என்ன காணும் செய்து வைச்சிருக்கிறீர்! அந்தச் சீனருக்கு உம்மடை முகம் தெரியாது. குடுமியைத்தான் தெரியும்!"

அப்படியே ஆனது. சீனர் என்னை மேலும் கீழும் பார்த்து, "புக்கான் இனி ஓராங்" என்று மலாயில் கையை விரித்தார். இந்த ஆள் இல்லையாம். டிரைவர் சிரித்தான். கைகூப்பித் தலையைக் குனிந்து, "வாங்கிக்கொண்டு ஏமாற்றிவிட்டாயே, முருகா" என்று விம்மினேன்.

உயரத்தில் உட்கார்ந்திருந்த நீதிபதித் துரை, குனிந்த மொட்டையைப் பார்த்துவிட்டு, அது என்ன தழும்பு என்று கேட்டார்.

பிறை மாதிரித் தழும்பு, நடுவில் ஒரு கோணல். வக்கீல் துள்ளி எழுந்தார். மோட்டாரின் முதலாளி அதே மோட்டாரில்தான் கோர்ட்டுக்கு வந்திருந்தார். துரை வாசலுக்கு இறங்கி வந்து என்னை மோட்டார் முன்னால் மண்டியிடச் சொன்னார். முன்விளக்கின் வளையம் என் தலையில் சட்டிக்கு மூடிபோலப் பொருந்தியது. வளையம் நசுங்கிய இடத்தில்தான் தழும்பிலும் கோணல்! சீனர் கைதட்டினார்.

தீர்ப்பு என் பக்கம். நஷ்டஈடும் வந்தது, வேலையும் நிலைத்தது. வக்கீலைக் காட்டியவனும் முருகன், அவரைக் கேட்காமல் என்னை மொட்டையடிக்க வைத்தவனும் முருகன். இப்போது தேங்காய் உருண்டால் உருளட்டும் என்று விட்டுவிடுகிறேன். குடுமியையும் வளர்க்கவில்லை. கொடுத்ததைத் திரும்பக் கேட்கலாமா?

துன்பத்தில் இருக்கும் அடியார்களே, அவனை நம்பி அழுங்கள். நல்ல வக்கீலையும் பாருங்கள். சந்தேகப்படுகிறவர்கள் என் வீட்டுக்கு வந்து தழும்பைத் தொட்டுப் பார்க்கலாம். பாக்கியத்திடம் மட்டும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். தினமும் குழாயடிக்குப் போகுமுன் அதில் விபூதி பூசுகிறவள் அவள்தான்.