தேன்மொழி சிஸ்டர் விட்டுவைத்த கட்டம்

தேன்மொழி சிஸ்டர் போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது வில்லியனூர் கடையில் ஆணி நிறுத்துக்கொண்டிருந்தேன். கரிக்கலாம்பாக்கத்தில் அவர் வீட்டில் மாரடைப்பு. இந்தப் பக்கம் ஆட்டிசம் உள்ள பிள்ளைகளைப் பெற்ற உங்கள் எல்லோருக்கும் அவரைத் தெரியும். எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, எரிச்சல். அடுத்த வாரம் வருகிறேன் என்று அவரிடம் சொல்லியிருந்தேன், எத்தனையாவது முறையோ.

என் மகள் நிலா நான்கு வயதாகியும் பேசவில்லை. மரபணுப் பரிசோதனைக்கு முன்பு எங்கள் வம்சத்தை வரைந்துகொள்ள ஆஸ்பத்திரி நர்ஸான சிஸ்டர் வீட்டுக்கு வந்தார். பெண்ணுக்கு வட்டம், ஆணுக்குக் கட்டம், எல்லாம் பென்சிலில். "பேனாவுல போட்டா மாத்த முடியாதுபா. மொத தடவ யாரும் முழுசா சொல்றதில்ல" என்றார்.

நானும் சொல்லவில்லை. என் சித்தப்பா சாகும்வரை யாரிடமும் பேசியதில்லை. தட்டு ஒரு விரல் நகர்ந்தாலும் தாங்க மாட்டார். அவரை நாங்கள் சாமியார் ஆக்கிவிட்டோம். மௌன விரதம் என்று ஊரையே நம்பவைத்தோம். நான் கட்டிக்கொண்டு வந்த சுமதிக்கு அவர் மாலை போட்ட படம்தான். "உங்க சைடுல யாராவது?" என்று சிஸ்டர் கேட்டபோது, "எங்க வூட்ல யாருமில்ல" என்றேன். அப்போது தங்கைக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தோம். அன்றிலிருந்து சுமதிதான் குற்றவாளி. மாசமாக இருந்தபோது எதைத் தின்றாள் என்று என் அம்மா கேட்காத நாளில்லை.

நிலாவின் மரபணுவில் ஒரு மாற்றம் தெரிந்தது. அதுதான் காரணமா என்று சொல்ல முடியவில்லை. பெற்றோர் இரத்தமும் வேண்டும் என்றார்கள். சுமதி கொடுத்தாள். நான் லோடு வருகிறது, ஆள் இல்லை என்று நழுவினேன். சிஸ்டர் கடைக்கே வந்தார். "பழி போட இல்லபா இது. அப்பா அம்மா ரெண்டு பேர்கிட்டயும் இல்லாமலே புதுசாவும் வரும். சாப்பாட்டால வரலன்னு உங்கம்மாவுக்குப் புரியட்டும்." தலையாட்டினேன். அதன்பின் சில வருடங்களில் தங்கைக்குக் கல்யாணமாகி இரண்டு பிள்ளைகளும் பிறந்துவிட்டார்கள். அப்போதும் போகவில்லை. இப்போது நினைத்தால் என்னை நானே அறையத் தோன்றுகிறது.

துக்கம் கேட்கப் போனபோது சிஸ்டரின் மகள் எங்கள் வம்சம் வரைந்த தாளை எடுத்துக் கொடுத்தார். என் அப்பாவின் கட்டத்துக்கு அருகில் பெயரில்லாமல் இன்னொரு கட்டம். சிஸ்டருக்குத் தெரிந்திருக்கிறது. என்னைத் திட்டவில்லை, சுமதியிடம் போட்டுக்கொடுக்கவும் இல்லை.

சித்தப்பாவின் பெயரை அதில் எழுதிச் சுமதியிடம் காட்டினேன்.

"வெள்ளிக்கிழமையானா நான் கற்பூரம் காட்டறேனே, அவரா?" என்றாள். தாளைத் திருப்பித் தந்து, "அந்தம்மா இருக்கும்போதே சொல்றதுக்கு இன்னா?" என்றாள்.

நாளை இரத்தம் கொடுக்கப் போகிறேன். சிஸ்டரிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்தத் தாள் மட்டும்தான். அதில் சித்தப்பாவின் பெயரை நான் பேனாவில் எழுதியிருக்கிறேன்.