நாலரை அங்குலச் சுவர்

சுவரில் மூன்று குழிகள். தரையிலிருந்து மூன்றடி உயரத்தில், இரண்டு விரல் இடைவெளி விட்டு, சுண்ணாம்புப் பூச்சு உதிர்ந்து செங்கல் தெரிந்தது. போன மாதம் கதவில்லாத வாசல் வழியே அவற்றைப் பார்த்தேன். கட்டடக்கலை படித்த ஒரு பெண், மூடிப்போன மருந்துத் தொழிற்சாலையைச் சுற்றியுள்ள பழைய சோதனை வீடுகளை நடந்தே கூட்டிப்போய்க் காட்டினாள். அவளையும் சேர்த்துப் பதினொரு பேர். இறங்க நூற்றுப் பதினான்கு படிகள், ஒன்பது ஆடின. "ஏனுங்கய்யா, பாத்து வாங்க, பாசி வழுக்குங்க" என்று என்னிடம் மட்டும் ஐந்து முறை சொன்னாள். அந்தப் படிகளை அளந்து கட்டவைத்தவனே நான்தான் என்று அவளிடம் சொல்லவில்லை.

இலங்கையின் கண்டிச் சீமைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து குடும்பங்கள் கப்பலேறித் திரும்பி வந்துகொண்டிருந்த ஆண்டுகள் அவை. சின்கோனாப் பட்டையிலிருந்து காய்ச்சல் மருந்து எடுத்த அந்தத் தொழிற்சாலை அதற்கு முன்பே நின்றுபோயிருந்தது. புகைபோக்கி ஒன்று, கொட்டகை மூன்று, மிச்சமெல்லாம் புல். வருகிறவர்களுக்கு அங்கே இருபத்து நான்கு வீடுகள் கட்ட வேண்டும். எங்கள் இன்ஜினியருக்குப் புதுமையில் ஆசை. முதலில் நான்கு வகையில் மாதிரி கட்டி, ஆட்களைக் குடிவைத்துப் பார்த்து, ஒத்துவருவதையே மற்றவர்களுக்கும் கட்டுவோம் என்றார். மரமே இல்லாமல் செங்கல்லால் கவிழ்த்த கூரை வீடு ஒன்று, வட்ட வீடு ஒன்று, மண்கட்டி வீடு ஒன்று. நான்காவது, நடுவில் நாலரை அங்குலச் சுவர் மட்டும் வைத்து இரண்டு குடித்தனத்துக்கான ஒட்டு வீடு. நான் ஓவர்சியர். ஈரம், விரிசல், புகை, சத்தம் என்று நான்கு கட்டம் போட்ட பதிவேட்டை நாள்தோறும் நிரப்ப வேண்டும். ஒட்டு வீட்டின் ஒரு பாதியில் நானே குடியிருந்தேன். மறுபாதியில் கவ்வாத்துக்காரர்.

தேயிலைச் செடியின் கிளைகளைக் கவ்வாத்து வெட்டியே முப்பது வருடம் கழித்தவர். மனைவி அங்கேயே இறந்துவிட்டார். ஒரே தம்பி, அவனுக்கு அங்கே இருக்கவும் இவருக்கு இங்கே வரவும் குடியுரிமைக் காகிதம் கிடைத்தது. வந்த அன்றே என்னிடம் கேட்டார்: "ஐயா, எனக்கு ஒட்டுன காம்பராவா குடுங்க. தனியா நிக்கிற வீட்டுல ஒறக்கம் வராது." வட்ட வீடு கிடைத்த கொழுந்து பறிக்கும் அக்கா சிரித்தாள். "ஒங்களுக்கென்ன அண்ணே! எங்க வீட்டுல மூலையே இல்ல. எம்புருசன் கோவிச்சுக்கிட்டு எங்க போயி குந்துவாரு?"

மறுநாள் காலை ஆறு மணிக்குச் சுவரில் தட்டும் சத்தம் கேட்டது. மூன்று தட்டு. கவ்வாத்துக் கத்தியின் பிடியால் தட்டுகிறார் என்று பிறகு தெரிந்தது. சற்று நேரத்தில் என் சன்னல் கண்ணாடிக்கு வெளியே மப்ளர் கட்டிய முகம் வந்து பார்த்தது, தலையாட்டிவிட்டுப் போனது. அடுத்த நாளும் அப்படியே. எனக்கு ஒழுங்கு குலைந்தால் சோறு இறங்காது. "சத்தம்" என்ற கட்டத்தில், "சுவரைக் கடக்கிறது, குடியிருப்போருக்கு இடைஞ்சல்" என்று எழுதினேன். பத்தொன்பது நாள், ஐம்பத்தேழு தட்டு, பத்தொன்பது வரி. கடைசி நாள் கதவைத் திறந்துகொண்டு போய்க் கத்தினேன். "தெனமும் செவுத்த ஒடைக்கறீங்க, அப்பறம் வந்து எட்டிப் பாக்கறீங்க. நானென்ன காட்சிப் பொருளுங்களா?" அவர் கத்தியை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். "இல்லீங்கய்யா. இனிமே தட்டல."

தட்டவில்லை. பதிவேட்டைப் புரட்டிய இன்ஜினியர், "பத்தொம்பது நாளும் இதே குறைய எழுதியிருக்கீங்களே ஓவர்சியர். அப்ப ஒட்டு வீடே வேண்டாங்க, தனித்தனியா நிக்கட்டும்" என்றார். இருபத்து நான்கு தனிச் சதுரங்களுக்குச் சுண்ணாம்புக் கோடு போட்டோம். அதைப் பார்க்க வந்த அக்கா கேட்டாள்.

"ஒட்டு வீடு ஒன்னுகூட இல்லியா? அண்ணன் பாவமுங்க. தோட்டத்து லயத்துல எல்லாம் வரிசையா ஒட்டுன வீடுங்க, தம்பி அடுத்த காம்பரா. விடிஞ்சதும் இவரு மூணு தட்டுவாரு, எந்திரிச்சிட்டியான்னு. அவன் ரெண்டு தட்டுவான், இருக்கேன்னு. நாங்க எல்லாருமே அப்பிடித்தான். பதில் வராட்டி ஆளுக்கு என்னமோ ஏதோன்னு ஓடிப்போயி பாப்போம். நீங்க பதிலுக்குத் தட்டுனீங்கதானே?"

அஸ்திவாரம் தோண்ட நான்கு நாள் இருந்தது. இன்ஜினியரிடம் போய்ச் சொல்லியிருக்கலாம். பத்தொன்பது வரிகளையும் அடிக்க வேண்டும். என் பதிவேட்டில் அதுவரை ஓர் அடித்தல்கூட இல்லை. நான்கு நாளும் போகவில்லை. காலையில் நானே மூன்று தட்டிவிடலாம் என்று எழுந்து நின்றிருக்கிறேன். கை சுவர்வரை போகும், திரும்பிவிடும். ஐந்தாம் நாள் கடப்பாரைச் சத்தம் தொடங்கியது. அடுத்த வாரம் கவ்வாத்துக்காரர் சாவியைக் கொண்டுவந்து கொடுத்தார். கூடலூர்ப் பக்கம் ஓர் எஸ்டேட்டில் பழைய லயத்தில் ஒரு காம்பரா காலியாம். "வர்றேங்கய்யா. ஒடம்பப் பாத்துக்குங்க, தனியா இருக்கீங்க" என்றார். என்னைப் பார்க்கப் பத்தொன்பது முறை வந்தவரை, நான் நலம் விசாரிக்க ஒருமுறைகூடப் போனதில்லை.

இப்போது ஊட்டி பெர்ன்ஹில்லில் இருக்கிறேன். நான்கு அறை, ஒன்பது அங்குலச் சுவர், ஒரே ஆள். என் மனைவி போய் ஆறு வருடமாகிறது. பால்காரர் பாக்கெட்டை வாசலில் வைத்துவிட்டுப் போகிறார். நேற்றைய பாக்கெட் அங்கேயே கிடந்தால் எத்தனையாவது நாள் கேட்பார் என்று சில காலைகளில் கணக்குப் போடுகிறேன்.

போன மாதம் அந்தப் பெண் இருபத்து நான்கு வீடுகளையும் கைநீட்டிக் காட்டி, "யாருக்கும் யார் தொந்தரவும் இல்லாம, ஒவ்வொன்னையும் தனியா நிறுத்தியிருக்காங்க பாருங்க. அன்னிக்கே எவ்வளவு யோசிச்சிருக்காங்க!" என்றாள். எல்லோரும் படமெடுத்தார்கள். நான் பின்தங்கி ஒட்டு வீட்டில் என் பாதிக்குள் போனேன். கூரை ஒழுகியிருந்தது. நடுச்சுவரைக் கையால் தடவிப் பார்த்தேன். அந்தப் பக்கம் மூன்று குழி. என் பக்கம் ஒரு கீறல் இல்லை.

வெளியே அவள் எண்ணுவது கேட்டது. "பத்துப் பேருதானே இருக்கோம்? அந்தத் தொப்பி போட்ட ஐயா எங்கீங்க?" காலடிகள் திரும்பி ஓடிவந்து மறுபாதிக்குள் நுழைந்தன. "ஐயா! உள்ள இருக்கீங்களா?"

நான் சுவரில் இரண்டு முறை தட்டினேன்.