நீடாமங்கலம் சத்திரத்துப் பேய்

நீடாமங்கலத்தில் எனக்கான ரயில் மாலையில்தான். அதுவரை சற்றுப் படுக்கலாம் என்று பழைய சத்திரத்துக்கு வருகிறேன். மாடியின் கடைசி அறையில் பேய் இருப்பதாக ஸ்டேஷன் டீக்கடையிலேயே எச்சரித்திருந்தார்கள். மாடியேறிப் பார்த்தால், அந்த அறையின் பூட்டிய கதவின் முன்னால் வாழையிலை, கோழி எலும்பு, அணைந்த சூடம். உள்ளே யாரோ இருமுகிறார்கள்.

சத்திரத்தைப் பெருக்கும் பெண் சாவியோடு மாடியேறி வருகிறாள். முகமெல்லாம் சிரிப்பு.

“பயப்படாதீங்க, உள்ள எங்க வீட்டுக்காரருதான். அறுப்புக் கூலிய ஏத்தக் கேட்டுக் கொடி புடிச்சாரு. மிராசுதார் ஆளுங்க அடிக்கத் தேடுனாங்க. இங்க ஒளிச்சு வச்சேன். இன்னைக்குத் தாலுகா ஆபீஸ்ல ராஜியாயிடுச்சுங்க.”

“இந்தப் படையல்?”

“மிராசுதாரோட காரியக்காரர் வச்சது. இவரத் தேடி வந்தவரு இருமலக் கேட்டுப் பேயின்னு நடுங்கிட்டாரு. அதுலேர்ந்து செவ்வாய்க்கிழமை தவறாம கோழிக்குழம்பு வச்சுட்டுப் போறாரு.”

பூட்டு திறக்கிறது. தாடியும் கைலியுமாக ஒருவர் வெளியே வந்து, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்கிறார். படையல் சாப்பாடு எப்படி என்று கேட்கிறேன்.

“உப்புதாங்க கம்மி. ரெண்டு மாசமா யாருகிட்ட சொல்றது?”